நடையும் அவதானமும்

அவதானம் என்னும் கலையைப் பற்றி நம்மவர் பலரும் கேள்வியுற்றிருப்பர். ஒரே சமயத்தில் பல செயல்களில் மனத்தைச் செலுத்தி, ஒன்றிலும் பிழை நேராமல் முடித்துக் காட்டும் அருங்கலை அது. முதுகில் எறியப்படும் கற்களை எண்ண வேண்டும். இடையிடையே ஒலிக்கும் மணியோசையைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிக்க வேண்டும். கேட்ட கணக்குக்கு விடையும் கூற வேண்டும். எட்டுச் செயல்களை இவ்வாறு ஒருங்கே செய்பவர் அட்டாவதானி. நூறு செய்பவர் சதாவதானி. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து புகழ் பெற்றதைத் தமிழுலகம் இன்றும் போற்றுகிறது.

நூறு செயல்களை ஒருங்கே செய்வது கோடியில் ஒருவருக்குத்தான் கைகூடும். ஆனால் இரண்டு செயல்களை ஒருங்கே செய்யும் அவதானத்தை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்துவருகிறோம். செய்வதை உணர்வதுதான் இல்லை. நடந்துகொண்டே பேசுகிறோமே, அதுவே அந்த அவதானம்! இளமையில் அது மூச்சு விடுவதுபோல் இயல்பாக நடைபெறுகிறது. அறுபதைக் கடந்து எழுபதை நெருங்கும்போது அதுவே அரிய வித்தையாகிவிடுகிறது. இதை நம் வீட்டுப் பெரியவர்களும் அறிவதில்லை. அவர்களோடு நடந்து செல்லும் நாமும் அறிவதில்லை. அறியாமையின் விலையோ பெரிது. உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து உயிர் இழக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் மிகுதியானோர் அறுபது வயதைக் கடந்தவர்கள்.

பேசினால் நின்றவர்கள்

ஸ்வீடன் நாட்டில் ஊமியோ என்று ஒரு பல்கலைக்கழக நகரம் இருக்கிறது. அங்கே முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்களைக் கவனித்துவந்த லில்லமோர் லுண்டின்-ஓல்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு சிறு செய்தியைக் கண்டுகொண்டனர். பெரியவர் ஒருவருடன் நடந்து செல்லும்போது ஏதாவது பேச்சுக் கொடுத்தால், சிலர் நடந்தபடியே பதில் சொன்னார்கள். வேறு சிலரோ நடையை நிறுத்தி, நின்று பதில் சொன்னார்கள். இந்த வேற்றுமையில் பொருள் உண்டா என்று அவர்கள் ஆராய முற்பட்டனர்.

58 பேரை இவ்வாறு கவனித்தார்கள். கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உடன் நடந்து பேச்சுக் கொடுத்ததே சோதனை. பேசும்போது நின்றவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதங்களில் யார் யார் விழுந்தனர் என்று குறித்துவந்தார்கள். அந்த 12 பேரில் 10 பேர் விழுந்திருந்தனர்! நிற்காமல் பேசிச் சென்ற 46 பேரில் விழுந்தவர்கள் 11 பேர். 1997-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் இச்செய்தி வெளியானபோது, உலகத்து வைத்தியர்கள் பலரும் வியப்புடன் கவனித்தனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். பேச்சுக்காக நடையை நிறுத்தும் பெரியவர் விழும் அபாயத்தில் இருக்கிறார் என்பது ஒன்று. நிற்காமல் நடப்பவர்கள் அனைவரும் பத்திரமானவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பது மற்றொன்று. விழுந்த 21 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் நிற்காதவர்கள் அல்லவா? ஆகவே இச்சோதனையை ஓர் எச்சரிக்கை மணியாகக் கொள்ளலாமே அன்றி, முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது.

காலின் வேலையா, மூளையின் வேலையா?

நடப்பது கால்களின் தொழில் என்று நினைக்கிறோம். உண்மையில் கால்கள் ஏவல் செய்யும் பணியாளர்களே. வலமும் இடமும் மாறி மாறி அடியெடுத்து வைக்கும் தாளத்தை முதுகுத்தண்டின் நரம்புகள் காக்கின்றன. உடல் சாயாமல் நிற்பதற்குச் சிறுமூளை உதவுகிறது. பாதத்தின் தோல் தரையின் மேடுபள்ளத்தைச் சொல்லுகிறது. உட்செவி உடலின் சாய்வைச் சொல்லுகிறது. கண் வழியைக் காட்டுகிறது. இவை யாவும் சரிவர நடைபெறும் வரையில், நெற்றிக்குப் பின்னே உள்ள முன்மூளைக்கு நடையைப் பற்றிய கவலை மிகுதியாக இல்லை. அது ஓய்வாகப் பேசலாம், பாடலாம், வீட்டுக் கணக்குப் போடலாம்.

முதுமை வரும்போது இந்தப் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தளர்கிறார்கள். நீரிழிவு உடையவரின் பாதம் மரத்துப்போகிறது. தரை கூறும் செய்தி மேலே எட்டுவதில்லை. கண்ணில் புரை வளர்கிறது. உட்செவியின் நுட்பம் குறைகிறது. தசைகள் மெலிகின்றன. அப்போது முன்மூளை தானே இறங்கிவந்து ஒவ்வோர் அடியையும் மேற்பார்வை செய்யத் தொடங்குகிறது. தானாக நடந்த நடை, கவனித்து நடக்க வேண்டிய நடையாகிவிடுகிறது.

கவனம் என்பது அளவான வருமானம் போன்றது. வாடகை சிறிதாயிருந்த காலத்தில் மற்றச் செலவுகளுக்குத் தாராளமாகப் பணம் இருந்தது. வாடகை உயர்ந்துவிட்டால் எதையேனும் குறைத்துத்தான் ஆகவேண்டும். நடையே கவனத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டபின் பேச்சும் வந்து பங்கு கேட்டால், இரண்டில் ஒன்று தடுமாறும். பேச்சு தடுமாறினால் கேடில்லை. நடை தடுமாறினால் இடுப்பெலும்பு முறியும்.

ஆதலால் பேசுவதற்காக நிற்பவரைக் குறை கூறலாகாது. மூளை தன் வருமானம் இவ்வளவு என்று அறிந்து, செலவைச் சுருக்கிக்கொள்ளுகிறது. அது விவேகமான காரியம். பார்க்கின்சன் நோய் உற்றவர்கள் சிலரிடம் இந்த விவேகம் குறைந்துவிடுகிறது. அவர்கள் பேச்சை விடாமல் காத்து நடையைக் கோட்டை விடுகிறார்கள். ஆகவே "ஏன் நடுவழியில் நிற்கிறீர்கள்? பேசிக்கொண்டே வாருங்களேன்" என்று பெரியவர்களை நாம் அவசரப்படுத்துவது, அவர்களைக் காத்துவரும் ஒரே காவலனைத் துரத்துவதற்கு ஒப்பாகும்.

நமது மாநிலத்து ஆராய்ச்சி

இத்துறையில் உழைப்பவர்களுள் ஜோ வர்கீஸ் என்னும் நரம்பியல் நிபுணர் குறிப்பிடத்தக்கவர். நியூயார்க்கில் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியபோது, அவரும் அவருடைய குழுவினரும் 60 முதியவர்களைக் கொண்டு செய்த சோதனை 2002-ஆம் ஆண்டு வெளியாயிற்று. இருபது அடி சென்று திரும்பி வர வேண்டும். நடக்கும்போதே ஆங்கில எழுத்துக்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். பிறகு ஓரெழுத்து விட்டு ஓரெழுத்தாகச் சொல்ல வேண்டும். தமிழ் மாதங்களை வைத்துச் சொல்வதானால், சித்திரை, ஆனி, ஆவணி, ஐப்பசி, மார்கழி, மாசி என்று ஒன்றுவிட்டு ஒன்றாகச் சொல்லிக்கொண்டே நடப்பது போன்றது. நாற்காலியில் அமர்ந்தபடி சொல்லுவதற்கே சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. நடந்துகொண்டு சொல்வது எவ்வளவு கடினம் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம். இச்சோதனையில் மிகவும் தாமதித்தவர்களுக்கே விழும் அபாயம் மிகுதி என்று தெரியவந்தது.

அவர் ஆராய்ச்சி நியூயார்க்கோடு நிற்கவில்லை. கோழிக்கோட்டில் கேரள ஐன்ஸ்டைன் ஆய்வு என்னும் பெயரால், நம் மாநிலத்து முதியோரின் நடையும் நினைவாற்றலும் ஆராயப்பட்டுள்ளன. மெதுவான நடையும், "எனக்கு மறதி வந்துவிட்டது" என்னும் முறையீடும் ஒருவரிடம் ஒருங்கே காணப்பட்டால், பிற்காலத்தில் மறதி நோய் வருவதற்கு அது முன்னறிகுறி ஆகலாம் என்பது வர்கீஸ் குழுவினரின் முடிவு. 17 நாடுகளைச் சேர்ந்த 26,802 முதியவர்களின் விவரங்களைத் தொகுத்து 2014-இல் அவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இவ்விரண்டும் சேர்ந்திருக்கக் கண்டார்கள். எனவே பெரியவரின் நடை சில மாதங்களுக்குள் குறிப்பிடத்தக்க அளவு மெதுவாகிவிட்டால், "வயசாகிவிட்டது, வேறென்ன?" என்று தள்ளிவிடாமல் வைத்தியரிடம் கூறவேண்டும்.

நமக்கு இதில் தனிக் கவலை உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அறுபது கடந்தவர்கள் நூற்றுக்கு எட்டரைப் பேர் அளவில் இருந்தபோது, கேரளத்தில் பன்னிரண்டரைப் பேருக்கு மேல் இருந்தனர். முதியோர் மிகுந்த மாநிலத்தில் நாம் வாழ்கிறோம்.

அயலூரில் எடுத்து வைக்கும் அடி

பிழைப்பின் பொருட்டு மட்டாஞ்சேரிக்கு வந்து நிலைத்த குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் தந்தை காலமானபின், தனியே இருக்கும் தாயைப் பிள்ளைகள் இங்கே அழைத்து வந்துவிடுவார்கள். அன்பினால் செய்யும் காரியந்தான். ஆனால் அந்தத் தாயின் கால்களின் நிலையில் நின்று சற்று எண்ணிப் பார்ப்போம்.

ஐம்பது ஆண்டுகள் நடந்து பழகிய தெருவில் எந்தத் திண்ணைக்குப் பக்கத்தில் பள்ளம், எந்தக் கோவில் வாசலில் எத்தனை படி என்பதை அவர் பாதங்கள் அறிந்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டும் நடந்திருப்பார். இங்கே அந்தப் பழக்கம் உதவாது. பஜார் சாலையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருபுறம் மூட்டைகள் ஏற்றி இறக்கும் லாரி, மறுபுறம் கைவண்டி, இடையில் புகுந்து விரையும் மோட்டார் சைக்கிள், யூதத் தெருவை நோக்கிச் செல்லும் வெளிநாட்டுப் பயணிகள், யாருக்கும் அஞ்சாமல் உலாவும் ஆடுகள். காலடியிலோ சாக்கடைமேல் மூடிய பலகைக் கற்கள்; சில ஆடும், சில உயர்ந்து நிற்கும். பேருந்தின் பலகையில் மலையாள எழுத்து. வழி கேட்டால் வரும் பதில் பாதி விளங்கும், பாதி விளங்காது. புதிய இடத்தை அறிவதற்கே கவனம் முழுவதும் செலவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் உடன் செல்லும் மகன், "அம்மா, ஊரிலிருந்து மாமா என்ன சொன்னார்?" என்று கேட்டால், கடைசிக் காசையும் கேட்பது போலாகும்.

மழைக்காலத்தில் சோதனை இன்னும் கடுமை. ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கிவிட்டால், பெரியவரின் ஒரு கையில் குடை. மற்றொரு கை வேட்டியையோ சேலைக் கொசுவத்தையோ நனையாமல் தூக்கிப் பிடித்திருக்கும். தடுமாறினால் பற்றிக்கொள்ளக் கை இல்லை. குடை விளிம்பு பார்வையை மறைக்கும். தேங்கிய நீர் பள்ளத்தை மறைக்கும். தேய்ந்த ரப்பர்ச் செருப்பு பாசியில் வழுக்கும். யானைக்கும் அடி சறுக்கும் என்றால் எழுபது வயதுப் பாட்டிக்குச் சறுக்குவதில் வியப்பென்ன?

நல்ல அமைப்பு கவனத்தின் செலவைக் குறைக்கும் என்பதற்குக் கொச்சியிலேயே சான்று உண்டு. 2023-இல் தொடங்கிய நீர் மெட்ரோவில், மிதவைத் துறையின் தளமும் படகின் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். ஆடும் படகுக்கும் கரைக்கும் இடையே தாவ வேண்டிய அவசியம் இல்லை. வீட்டிலும் வீதியிலும் நாம் செய்ய வேண்டுவது இதுவே: பெரியவரின் கவனத்தை வீணே பிடுங்கும் இடையூறுகளை ஒவ்வொன்றாக நீக்குதல்.

அடைத்து வைத்தல் பரிகாரம் ஆகாது

இவ்வளவையும் கேட்டபின் சிலருக்கு ஓர் எண்ணம் தோன்றலாம். "இத்தனை ஆபத்து இருக்கும்போது பெரியவர்களை வெளியே அனுப்பாமல் இருந்துவிட்டால் என்ன?" என்பதே அது. பல வீடுகளில் இவ்வாறுதான் நடக்கிறது. ஒரு முறை தடுக்கி விழுந்த தாயிடம், "இனிமேல் வாசல்படி தாண்ட வேண்டாம்" என்று பிள்ளைகள் கட்டளையிட்டுவிடுகிறார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. மகன் கடையில் இருக்கிறான், மருமகள் வேலைக்குப் போயிருக்கிறாள், வழியில் விழுந்தால் தூக்குவதற்கு ஆள் யார்?

ஆனால் அக்கட்டளையின் விளைவு வேறுவிதமாகிறது. நடவாத கால்களின் தசை மெலிகிறது. வெளிச்சமும் மனிதமுகமும் காணாத மனம் சோர்கிறது. ஆறு மாதம் அறைக்குள் இருந்த பெரியவர், குளியலறைக்குச் செல்லும் ஐந்தடியிலேயே விழுகிறார். விழுந்துவிடுவோமோ என்னும் அச்சமே நடையைக் குலைக்கிறது. குலைந்த நடை அச்சத்தை வளர்க்கிறது. அது மட்டுமா? தமிழ் பேசும் அயலார் வீடு, கோவில், கடைத்தெரு இவையே அயலூரில் வாழும் மூதாட்டிக்கு மீந்திருக்கும் உலகம். கால் நின்றால் அந்த உலகமும் நின்றுவிடும்.

இதற்கு மாறாக, உடற்பயிற்சி உறுதியான பலன் தருகிறது. 108 சோதனைகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 2019-இல் வெளியான கோக்ரேன் தொகுப்பு, முறையான பயிற்சியினால் முதியோர் விழுவது 23 சதவீதம் குறைகிறது என்று கண்டது. நிற்கும் சமநிலையை வளர்க்கும் பயிற்சிகளே அவற்றுள் மிகுந்த பயன் தந்தன.

ஜெனீவாவில் நிகழ்ந்த சோதனை இன்னும் சுவையானது. அறுபத்தைந்து கடந்த 134 பேரை அதில் சேர்த்தார்கள். பியானோ இசைக்கு ஏற்ப நடப்பதும், தாளம் மாறும்போது அடியை மாற்றுவதுமான பயிற்சியை வாரம் ஒருமணி நேரம், ஆறு மாதம் அளித்தார்கள். 2011-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களின் நடை உறுதிப்பட்டது, விழுவதும் குறைந்தது. நடக்கும்போது வேறொரு செயலையும் சேர்த்துச் செய்யும் திறன் முதுமையிலும் வளர்க்கக்கூடியது என்பதற்கு இது நற்சான்று.

நமக்குப் பியானோ வேண்டியதில்லை. கும்மியும் கோலாட்டமும் என்ன? பாட்டைக் கேட்டு, கையைத் தட்டி, வட்டத்தில் அடியெடுத்து வைத்து, அடுத்தவர் மேல் மோதாமல் திரும்புதல், இவை ஒருங்கே நிகழும் அவதானமே அல்லவா! பொங்கல் விழாவில் சிறுமியர் மேடையில் கும்மி ஆடும்போது பாட்டிமார்கள் நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறார்கள். மேடு பள்ளமற்ற கூடத்தில், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் வைத்து, அவர்களும் வாரம் ஒருமுறை மெதுவாக ஆடலாம். நம் சங்கங்கள் இதை மேற்கொள்ளலாம். இருதய நோய், மூட்டு நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குதல் நலம்.

வீட்டார் கைக்கொள்ள வேண்டியவை

பெரியவருடன் செல்லும்போது சாலையைக் கடக்கும் இடத்திலும், படியிலும், கூட்டத்திலும் பேச்சை நிறுத்துங்கள். முக்கியமான செய்தி இருந்தால் ஓரமாக நின்று பேசுங்கள். பின்னாலிருந்து திடீரென்று கூப்பிடாதீர்கள்.

கைபேசி ஒலித்தால் நடந்தபடி எடுக்கக் கூடாது என்று பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள். அவர்கள் வெளியே இருக்கும் நேரம் தெரிந்தால் நீங்களும் அழைக்காதீர்கள். "எங்கே இருக்கிறீர்கள்?" என்று நாம் அக்கறையோடு கேட்கும் அழைப்பே அவர்களைத் தடுக்கி விழச் செய்யலாம்.

கைப்பைக்குப் பதிலாகத் தோளில் மாட்டும் பையைக் கொடுத்தால் ஒரு கை எப்போதும் வெறுமையாக இருக்கும். மழைநாளில் குடையைவிட மழைக்கோட்டு நல்லது. பாதத்தைப் பிடித்து நிற்கும் வாருள்ள செருப்பு வேண்டும்.

இரவில் படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நடக்காமல் சற்று உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள். குளியலறை வரையில் சிறு விளக்கு எரியட்டும். தூரத்துக்கும் கிட்டத்துக்குமாக ஒரே கண்ணாடி அணிந்தவர்கள் படியிறங்கும்போது கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படி மங்கித் தோன்றும். தலையைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை உண்பவர்கள் தலைசுற்றல் இருப்பதை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது.

புதிதாக வந்த பெரியவரை முதல் மாதத்தில் ஒரே வழியில், காலைக் கூட்டம் சேருமுன், நாள்தோறும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாதங்கள் அந்த வழியைக் கற்றுக்கொண்ட பின் வேறு வழி காட்டலாம். வாகனத் தொல்லையின்றி நடந்து பழகுவதற்கு ஃபோர்ட் கொச்சியின் பரேட் மைதானத்துப் பக்கம் அதிகாலையில் ஏற்ற இடம்.

உதவிக்கு வழிகளும் உண்டு. கேரள அரசின் வயோமித்ரம் திட்டம் நகரங்களில் வாழும் 65 கடந்தவர்களுக்கு இலவச வைத்தியமும் மருந்தும் அளிக்கிறது. முதியோர்க்கான 14567 என்னும் தேசிய உதவி எண்ணை யாரும் அழைக்கலாம். மறதி நோய் உள்ளவர்களின் குடும்பங்களுக்கு வழிகாட்ட 1992-இல் கேரளத்தில் தோன்றிய சங்கம் இன்று நாடெங்கும் பணியாற்றுகிறது.

நம் கையைப் பிடித்து நடை பழக்கிய காலத்தில், பெரியவர்கள் நம்மிடம் ஊர்க் கதை கேட்கவில்லை. நம் அடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் நின்றபோது அவர்களும் நின்றார்கள். இன்று அவர்கள் நிற்கும்போது நாமும் நிற்போம். பேச வேண்டியதை அங்கேயே நின்று பேசி முடித்து, பிறகு சேர்ந்து நடப்போம்.